இடது பக்கம் போட்டால் நாலும் மின்னுகிறது: எல்இடி இண்டிகேட்டர் மாட்டிய தம்பிக்கு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். இதே கோளாறோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நாலு எல்இடி இண்டிகேட்டர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வைத்து நீங்களே பைக்கில் மாட்டியிருக்கிறீர்கள். இடது பக்கம் சுவிட்சைத் தள்ளினால் நாலும் சேர்ந்து மின்னுகிறது. வலது தள்ளினாலும் அதே கதை. முதலில் படபடவென்று வேகமாக அடித்தது. கடைக்காரர் கொடுத்த எல்இடி ஃப்ளாஷரை (இண்டிகேட்டரை விட்டு விட்டு மின்னவைக்கும் சின்னப் பெட்டி) போட்டதும் வேகம் சரியாகிவிட்டது, ஆனால் நாலும் மின்னுவது நிற்கவில்லை. போதாததற்கு, போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு பின்பக்க வலது விளக்கு மட்டும் மங்கலாக எரிகிறது, சில நேரம் எரிவதே இல்லை. தெருமுனை மெக்கானிக் மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம், தம்பி. வயரிங் செட்டை மாற்றினால் சில ஆயிரம் ரூபாய் போகும், நாலும் மின்னுவது அப்போதும் அப்படியே இருக்கும். கம்பெனி அந்த வயரிங்கைப் பல்புக்கென்று போட்டது, நீங்கள் அதில் எல்இடியை மாட்டியிருக்கிறீர்கள். அதுதான் காரணம். உங்கள் வண்டியில் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கோளாறு. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிவதால் பெரிதாகத் தோன்றுகிறது. இரண்டையும் சரிசெய்ய ஆகும் சாமான் செலவு சொற்பம்தான்.

என்ன வண்டி என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை. மீட்டரில் இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு பச்சை லைட்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நாலும் மின்னுவதற்கான விடை அதில்தான் இருக்கிறது.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். மீட்டருக்கு அடியில் கையை விட்டால் ரப்பர் மூடி போட்ட சின்னச் சின்ன பல்ப் ஹோல்டர்கள் தட்டுப்படும். அந்தப் பச்சை லைட்டின் ஹோல்டரை மெதுவாக இழுத்தால் வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும் சின்ன பல்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, சாவியைப் போட்டு, இடது பக்கம் சுவிட்சைத் தள்ளுங்கள். இடது பக்கம் மட்டும் மின்னினால் கோளாறு பிடிபட்டுவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். இருபது வருஷத்துக்கு மேலாக அயனாவரத்தில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். எல்இடி மாட்டிவிட்டு நாலும் மின்னுகிறது என்று வருகிற, மீட்டரில் ஒற்றைப் பச்சை லைட் உள்ள வண்டிகளில் நான் முதலில் கைவைப்பது அந்த பல்பில்தான்.

ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் இனி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஒற்றைப் பச்சை லைட் உள்ள பல வண்டிகளில் அந்த லைட்டுக்குத் தனி எர்த் (பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் வழி) கிடையாது. அதன் ஒரு கால் இடது பக்க வயரிலும் இன்னொரு கால் வலது பக்க வயரிலும் இருக்கும். நீங்கள் இடது போட்டால் கரண்ட் இடது விளக்குகளுக்குப் போவதோடு, பச்சை லைட்டுக்குள்ளும் நுழைந்து, வலது பக்க வயருக்கு வந்து, வலது பல்புகளின் இழை வழியாக எர்த்துக்குப் போய்ச் சேரும். வலது பல்புகள் அந்த நேரத்தில் விளக்காக வேலை செய்யவில்லை, வெறும் வயராக வேலை செய்கின்றன. வலது போட்டால் இதே ஓட்டம் தலைகீழாக நடக்கும். ஒரே லைட்டை வைத்து இரண்டு பக்கத்தையும் காட்டிவிடுகிற, சிக்கனமான, நல்ல யோசனை அது.

அப்படியானால் பல்ப் இருந்த காலத்தில் வலது பக்கம் ஏன் எரியவில்லை? அந்தச் சின்ன பல்ப் 3.4 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக அதிகபட்சம் கால் ஆம்பியர் சொச்சம்தான் போகும். வலது பக்கத்தில் இருந்தவை இரண்டு 10 வாட் பல்புகள். அவை முழுசாக எரிய 1.7 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் எதிர்ப்பும் மிகக் குறைவு. கால் ஆம்பியர் வந்தால் இழை சிவக்கக்கூட இல்லாமல் கடத்திவிடும். இப்போது நீங்கள் மாட்டியிருக்கும் எல்இடி ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வாட்தான். நூறு மில்லி ஆம்பியர் கிடைத்தாலே பளிச்சென்று எரியும். யானைப் பசிக்குச் சோளப்பொரியாக இருந்த கரண்ட், எறும்புக்கு விருந்தாகிவிட்டது. அதனால்தான் பச்சை லைட் வழியாகக் கசிந்து வருவதே எதிர்ப்பக்கத்தையும் எரியவைக்கப் போதுமாகிவிடுகிறது.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. எல்இடி மாட்டிய பிறகு அந்தப் பச்சை லைட் மங்கிப்போயிருக்கும், அல்லது எரியாமலே இருக்கும். கவனித்துப் பாருங்கள். அதற்கு வேண்டிய கரண்டை எதிர்ப்பக்க எல்இடி போகவிடுவதில்லை.

பல்பைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டது, அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கார் ஸ்டியரிங் திரும்பி வரும்போது இண்டிகேட்டர் தானாக அணைந்துவிடும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் அப்படிக் கிடையாது, நாம்தான் அழுத்தி அணைக்க வேண்டும். அதை நினைவூட்டுவது அந்தப் பச்சை லைட் ஒன்றுதான். அது இல்லாமல் இடது இண்டிகேட்டரை மறந்துவிட்டு நீங்கள் நேராகப் போனால், இடது சந்திலிருந்து வருகிற ஸ்கூட்டர்காரர் நீங்கள் திரும்பத்தான் போகிறீர்கள் என்று நம்பி வெளியே வருவார். அவர் மேல் தப்பே இல்லை. இண்டிகேட்டரே போடாமல் போவதைவிட, மறந்துபோன இண்டிகேட்டர் ஆபத்து.

சரியான தீர்வு இரண்டே இரண்டு டையோடு. கரண்டை ஒரு பக்கமாக மட்டும் போகவிடுகிற சின்ன உருளை அது. கறுப்பு உடம்பில் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். கோடு இல்லாத முனையில் நுழைந்து கோடு உள்ள முனையில் வெளியேறும், திரும்பி வராது. சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவில் 1என்4007 என்று கேளுங்கள். ஒரு ஆம்பியர் தாங்கும், நம் வேலைக்குத் தாராளம். விலை சில ரூபாய்தான், அதனால் பத்தாக வாங்கி வையுங்கள். அங்கேயே, சூடு காட்டினால் சுருங்கி ஜாயின்ட்டை மூடிக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒரு மீட்டரும், ஈயம் வைக்கும் இரும்பு இல்லையென்றால் அதுவும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பச்சை லைட் ஹோல்டருக்கு வரும் இரண்டு வயரையும் ஹோல்டரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். ஹோல்டரோடு ஒட்டி வெட்டினால் பிறகு இணைக்கப் பிடி இருக்காது. வண்டிப் பக்கமிருந்து வரும் இடது வயரை ஒரு டையோடின் கோடில்லாத முனையிலும், வலது வயரை இன்னொரு டையோடின் கோடில்லாத முனையிலும் ஈயம் வைத்து ஒட்டுங்கள். இரண்டு டையோடின் கோடுள்ள முனைகளையும் ஒன்றாக முறுக்கி, ஹோல்டரின் ஒரு வயரோடு சேருங்கள். ஹோல்டரின் இன்னொரு வயரை எர்த்தில் கொடுங்கள். முன்னாடி இல்லாத அந்த எர்த் இப்போதுதான் புதிதாக வருகிறது. இடது கரண்ட் இடது டையோடு வழியாக பச்சை லைட்டுக்கு வந்து எர்த்துக்குப் போய்விடும். வலது பக்கம் போக வழியே இல்லை, அந்தப் பக்க டையோடு மறிக்கும். ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஈயம் வைப்பதற்கு முன்பே வயரில் கோர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். பச்சை பல்புக்குப் பதிலாக எல்இடி பல்ப் போடுகிறீர்களென்றால் டையோடு வரும் கால் பிளஸ், எர்த் கால் மைனஸ். எரியாவிட்டால் பல்பைத் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

வயர் நிறம் ஒரு உதவி. ஹோண்டா, ஹீரோ வண்டிகளில் பொதுவாக ஆரஞ்சு இடது, வெளிர் நீலம் வலது, பச்சை எர்த். யமஹாவில் சாக்லேட் நிறம் இடது, கரும்பச்சை வலது, கறுப்பு எர்த். ஒரு கம்பெனியில் எர்த்தாக இருக்கும் பச்சை இன்னொன்றில் வலது இண்டிகேட்டராக வருகிறது பாருங்கள், அதனால்தான் நிறத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள் என்கிறேன். உங்களுக்கு முன்னால் வேறு யாராவது கைவைத்திருந்தால் நிறத்துக்கு அர்த்தமே இருக்காது. பேட்டரி மைனஸைக் கழற்றுவதற்கு முன்பே சுவிட்சைப் போட்டு, டெஸ்ட் லேம்பை (இரண்டு வயர் ஒட்டிய சின்ன பல்ப்) வைத்துப் பார்த்து, இது இடது என்று உறுதியான பிறகு, மைனஸைக் கழற்றிவிட்டு வெட்டுங்கள்.

இடம் வலம் என்று இரண்டு தனித்தனிப் பச்சை அம்பு உள்ள வண்டிகளில் இந்த டையோடு வேலையே தேவைப்படாது. அப்படிப்பட்ட வண்டியில் நாலும் மின்னினால், எங்கோ இடது வயரும் வலது வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். நாலையும் சேர்த்து மின்னவைக்கும் ஹசார்ட் சுவிட்ச் வெளியில் வாங்கி மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

ஹசார்ட் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் நாலு ரோடு சந்திப்பில் நேராகப் போவதற்கு நாலையும் போடுகிற பழக்கம் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்பவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும். அவர் கண்ணுக்கு அது இந்தப் பக்கம் திரும்பப் போகிற வண்டி. நேராகப் போக எதையும் போட வேண்டாம். இன்றைக்கு உங்கள் வண்டி இருக்கிற நிலையில் நீங்கள் இடது போட்டாலும் வலது போட்டாலும் மற்றவர்களுக்கு இப்படித்தான் தெரிகிறது. அதனால் டையோடு போடும் வரைக்கும் அந்தப் பச்சை பல்பை உருவிவைத்து ஓட்டுங்கள், கையாலும் சைகை காட்டுங்கள்.

அடுத்தது ஃப்ளாஷர். உங்களுக்கு வேகம் சரியாகிவிட்டது, ஆனாலும் அது எப்படிச் சரியானது என்று தெரிந்திருப்பது நல்லது. பழைய ஃப்ளாஷர் எவ்வளவு கரண்ட் போகிறது என்பதைப் பொறுத்து அடிக்கும். ஒரு பக்கத்துக்கு இரண்டு பல்ப், 20 வாட் என்று எதிர்பார்த்துச் செய்தது. ஒரு பல்ப் போய்விட்டால் கரண்ட் பாதியாகி, அடிக்கும் தாளம் மாறும். மாறினால் பல்ப் போய்விட்டது என்று ஓட்டுநருக்குத் தெரியவரும். எல்இடி மாட்டினால் கரண்ட் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. சில ஃப்ளாஷர் படபடக்கும், சூடேறி வேலை செய்கிற பழைய வகையோ அடிக்காமல் அப்படியே நின்று எரியும். எல்இடிக்கென்று வருகிற ஃப்ளாஷர் கரண்டைப் பார்க்காது, அதற்குள் இருக்கும் நேரக்கணக்குப்படி அடிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்ன வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள், 80, 90 என்று வந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

ஆனால் எல்இடி ஃப்ளாஷர் போட்டதால் ஒன்றை இழந்துவிட்டீர்கள். ஒரு விளக்கு போனாலும் இனி தாளம் மாறாது, உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் பின்பக்க வலது விளக்கு எரியாமல் போனபோதும் தாளம் மாறவில்லையே, காரணம் இதுதான். காலையில் வண்டி எடுக்கும்போது இரண்டு பக்கமும் போட்டு, ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஃப்ளாஷர் மாற்றுபவர்கள் தடுமாறுவது கால்களில். இரண்டு கால் என்றால் பேட்டரி கால் ஒன்று, விளக்குக்குப் போகும் கால் ஒன்று. பி, எல் என்று பொறித்திருக்கும். பழைய வகையில் இவை இடம் மாறினாலும் சிலது ஓடும், எலக்ட்ரானிக் வகையில் ஓடாது. கப்ளரில் (ஃப்ளாஷர் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு) எந்த வயரில் சாவி போட்டதும் கரண்ட் வருகிறதோ அது பி. மூன்று கால் என்றால் மூன்றாவது பெரும்பாலும் எர்த். ஆனால் சில பழைய ஃப்ளாஷர்களில் மூன்றாவது கால் மீட்டர் லைட்டுக்குப் போவது. மேலே என்ன எழுத்து பொறித்திருக்கிறது என்று படிக்காமல் அதை எர்த்தில் சொருகாதீர்கள். ஃப்ளாஷர் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றிவிட்டு, கப்ளரின் பி, எல் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சுவிட்சைப் போடுங்கள். விளக்குகள் மின்னாமல் நின்று எரிந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது, போயிருப்பது ஃப்ளாஷர். எரியவே இல்லையென்றால் ஃப்ளாஷரைத் திட்டிப் பயனில்லை. ஃப்யூஸ், சுவிட்ச், எர்த் என்று தேட வேண்டும்.

ஃப்ளாஷருக்குப் பதிலாக, பல்ப் அளவுக்குக் கரண்ட் இழுக்கும் ரெசிஸ்டர் போடச் சொல்பவர்களும் உண்டு. 10 வாட் பல்பின் இடத்தில் சுமார் 14 ஓம் வந்தால் அதே கரண்ட் போகும். கடைகளில் 10 ஓம், 8.2 ஓம் என்று கிடைக்கும். விளக்குக்கு இணையாக, இண்டிகேட்டர் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் போட வேண்டும், வரிசையில் போடக் கூடாது. எனக்கு இந்த வழி பிடிக்காது. எல்இடி மிச்சப்படுத்திய கரண்டை எல்லாம் சூடாக்கி வீணடிக்கிற வேலை அது. அந்தச் சூடும் லேசுப்பட்டதில்லை. ஒருமுறை ஒரு வண்டியில் சீட்டுக்கு அடியில் டேப் சுற்றிச் செருகியிருந்த ரெசிஸ்டர், சீட்டின் ஸ்பாஞ்சில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் குழி பறித்திருந்ததைப் பார்த்தேன். டிராஃபிக்கில் நீண்ட நேரம் இண்டிகேட்டரைப் போட்டபடி நின்றிருக்கிறார் அதன் சொந்தக்காரர். பெட்ரோல் டேங்குக்கு எவ்வளவு பக்கம் அது என்று யோசித்துப் பாருங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் தனி ஃப்ளாஷரே கிடையாது, மின்னவைக்கும் வேலையை ஒரு கன்ட்ரோல் பெட்டி பார்த்துக்கொள்ளும். அவற்றில் மட்டும் ரெசிஸ்டரைத் தவிர வழியில்லாமல் போகலாம். அப்போது அதை ஃப்ரேமின் இரும்பில் திருகி மாட்டுங்கள். பிளாஸ்டிக்கையோ வயரையோ தொடவிடாதீர்கள்.

இனி அந்தப் பின்பக்க வலது விளக்கு. நான் பந்தயமே கட்டுவேன், அது எர்த்.

பழைய இண்டிகேட்டர்கள் பலவற்றில் விளக்கின் தண்டு இரும்பு. அதைப் பிடித்திருக்கும் நட்டு வழியாகவே எர்த் கிடைத்துவிடும். நீங்கள் வாங்கியதில் தண்டு ரப்பர் அல்லது பிளாஸ்டிக், இரண்டு வயர் வந்திருக்கும். அதில் கறுப்பை எங்கே கொடுத்தீர்கள்? பின் மட்கார்டு போல்ட்டில் சுற்றிவிட்டிருந்தால், அங்கே பெயின்ட் இருக்கிறது, அதன் மேல் மண் இருக்கிறது, மழைக்குப் பிறகு துருவும் இருக்கிறது. எர்த் என்பது ஏதோ ஒரு இரும்பைத் தொட்டால் கிடைப்பதில்லை. பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போக ஒரு சுத்தமான வழி வேண்டும். பழைய இண்டிகேட்டர் கப்ளரிலேயே கம்பெனியின் எர்த் வயர் இருந்தால் அதிலேயே சேருங்கள், அதைவிட நல்ல இடம் இல்லை.

நம் ஊர்க் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காசிமேடு பக்கமிருந்து ஒரு மீன் வியாபாரி அண்ணன் வண்டி கொண்டுவருவார். இதே மாதிரி, விளக்கு வந்து வந்து போகிறது என்றார். வயரின் மேல் தோல் புதிதுபோல இருந்தது. இன்சுலேஷன் டேப்பைப் பிரித்ததும், கோடை வெயிலில் உருகிய அதன் பசை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே செம்பு கறுத்துப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நகத்தால் கீறினேன், பொடியாக உதிர்ந்தது. அங்குலம் அங்குலமாகத் தோலை உரித்துக்கொண்டே போனேன். ஏறக்குறைய ஒரு சாண் தூரம் போன பிறகுதான் செம்பு செம்பாகத் தெரிந்தது. உப்புத் தண்ணீர் வயரின் தோலுக்குள் இழை வழியாகவே ஏறிப் போகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலோரமாக வண்டி நிறுத்துபவர்களுக்கும் இதேதான். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுகிற ஜாயின்ட் இந்த ஊரில் ஒரு ஐப்பசி மழையைத் தாங்காது. புல்லட் கனெக்டரை நன்றாக அமுக்கிப் போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் மாட்டி, உள்ளே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். ஈயம் வைத்தால் அந்த இடம் விறைத்துவிடும், அதிர்வில் ஈயம் முடிகிற விளிம்பில் இழை ஒடியும். அதனால் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு ஃப்ரேமோடு கட்டிவிடுங்கள். கனெக்டருக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டால், வழிகிற மழைத்தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

எர்த்தைச் சோதிக்க மல்ட்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். நாற்பது இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. நீங்கள் கழற்றிய பழைய 10 வாட் பல்பை எடுங்கள், இரண்டு வயரை அதில் ஈயம் வைத்து ஒட்டுங்கள். ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர் இழுத்து அதில், இன்னொரு முனை சந்தேகப்படும் எர்த் வயரில். பல்ப் பளிச்சென்று எரிந்தால் எர்த் நல்லது. மங்கினால் வழியில் எங்கோ களிம்பு. பல்ப் முக்கால் ஆம்பியருக்கு மேல் கேட்கும், அரைகுறை இணைப்பால் அதைக் கொடுக்க முடியாது. எல்இடி கேட்பது மிகக் கொஞ்சம். அதற்கே பற்றாமல் உங்கள் விளக்கு மங்குகிறதென்றால் அந்த இணைப்பு மிக மோசமாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பேட்டரியோடு நேரடியாக வேலை செய்யும்போது இழுக்கிற வயரில் ஒரு ஃப்யூஸ் இருக்கட்டும்.

எர்த் நன்றாக இருந்தும் மங்கினால் விளக்குக்குள்ளேயே தண்ணீர் போயிருக்கும். கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறதா பாருங்கள். வயர் தண்டுக்குள் நுழைகிற இடத்தில் சிலிகான் வையுங்கள், ஆனால் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வெளியேறும் வழி அது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விளக்கு மட்டும் எரியவே இல்லையென்றால் வயரை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், எல்இடி ஒரு திசையில்தான் எரியும். மூன்று வயர் வந்த விளக்கு என்றால் ஒன்று எப்போதும் எரியும் வெள்ளை லைட்டுக்கு, அதை இண்டிகேட்டர் வயரில் கொடுத்துவிட்டுத் தேடுபவர்கள் உண்டு. ஹேண்டில் பாரை முழுக்கத் திருப்பினால் மட்டும் விளக்கு நிற்கிறதென்றால் கழுத்துப் பக்கத்தில் வயர் தோலுக்குள் ஒடிந்திருக்கிறது. எல்இடி அடிக்கடி போய்க்கொண்டே இருந்தால் வண்டி ஓடும்போது பேட்டரியில் வோல்டேஜ் பாருங்கள். 14 பக்கம் இருக்க வேண்டும், 15ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு, எத்தனை விளக்கு மாற்றினாலும் போகும்.

எல்லாம் சரியான பிறகு கடைசியாக ஒன்று செய்யுங்கள். மத்தியானம் ஒரு மணி வெயிலில் வண்டியைத் தெருவில் நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு முப்பது அடி எடுத்து வைத்துப் பின்னால் போய்த் திரும்பிப் பாருங்கள். பிறகு கொஞ்சம் இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்ந்து பாருங்கள். ஊசிபோல மெல்லிய எல்இடி விளக்குகள் நேர் பின்னால் பளிச்சென்றும், சற்று விலகினால் ஒன்றுமில்லாமலும் தெரியும். பல்ப் நாலா பக்கமும் ஒளி தரும், எல்இடி பார்க்கிற பக்கம்தான் தரும். நம்பர் பிளேட்டோடு சேர்த்து மாட்டும்போது விளக்கு வானத்தைப் பார்த்தபடி சாய்ந்துவிடுவதும் உண்டு. அதை நேராகப் பின்னால் பார்க்கும்படி திருப்பி இறுக்குங்கள். நிறம் செம்மஞ்சளாக மட்டும் இருக்க வேண்டும். நீலம், வெள்ளை, சிவப்பு எல்லாம் விதிப்படியும் தப்பு, பின்னால் வருபவருக்கும் புரியாது. புகை நிறக் கண்ணாடி போட்டது என்றால் மாற்றிக் கேளுங்கள். கத்திப்பாரா மேம்பாலத்தில் உங்களுக்குப் பின்னால் வருகிற பஸ் டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், எதிர்வெயிலில் ஓட்டுகிறார், கவனிக்க அவருக்குக் கிடைப்பது ஒரு நொடி. அந்த நொடியில் அவர் கண்ணில் பட வேண்டும்.

பச்சை பல்பை உருவிப் பார்த்துவிட்டு என்ன ஆனது என்று எழுதுங்கள். வண்டி என்ன மாடல், ஃப்ளாஷரில் எத்தனை கால், பின்பக்கக் கறுப்பு வயரை எங்கே கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்தது எங்கே கைவைக்க வேண்டும் என்று சொல்கிறேன். கழற்றிய பழைய பல்புகளைக் குப்பையில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.